‘க’வில் தொடங்கும் சொல்

தோள், கம்பளி, மண்டபம், அரளி, ஊதா. டாக்டர் பியூலா ஒவ்வொரு சொல்லையும் மேசைமேல் எடுத்து வைப்பதுபோல நிதானமாகச் சொன்னார். ஆவுடையப்பன் அப்படியே திருப்பிச் சொன்னார், இரண்டாம் முறையும் பிசகாமல் சொன்னார், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்பேன் சார், மனசில் வைத்திருங்கள் என்று டாக்டர் சொன்னதும் முதல் பெஞ்சுப் பிள்ளை மாதிரித் தலையாட்டினார். பக்கத்து நாற்காலியில் மடிமேல் கைப்பையை இறுக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்த அவர் மனைவி சங்கரவடிவுக்கு உள்ளங்கை இரண்டும் வியர்த்திருந்தன. பயத்தில் வியர்க்கவில்லை. பிளஸ் டூ ரிசல்ட் வருகிற காலையில் பள்ளிக்கூட வாசலில் நிற்பாளே, தன் வகுப்புப் பிள்ளைகளில் யார் கெமிஸ்ட்ரியில் நூற்றுக்கு நூறு என்று பார்க்க, அந்த வியர்வை. உள்ளே வரும்போதே டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், நீங்கள் கூட இருக்கலாம் அம்மா, ஆனால் வாயும் திறக்கக்கூடாது கண்ணும் காட்டக்கூடாது. அவளுக்குத் தெரியாததா. எத்தனை பரீட்சை ஹாலில் மேற்பார்வை பார்த்திருப்பாள், எத்தனை பிள்ளைகளின் கண்ணைப் பிடித்திருப்பாள். வாயைத் திறக்கப் போவதில்லை. ஆனால் மனசுக்குள் வைத்துக்கொள்வதை யாரும் தடுக்க முடியாது. தோள், கம்பளி, மண்டபம், அரளி, ஊதா. போன வருஷம் இதே அறையில் இதே மாதிரி ஐந்து சொற்கள், வேறு ஐந்து, அதில் ஒன்றே ஒன்றை மட்டும், அதுவும் டாக்டர் அது ஒரு பூ என்று துப்புக் கொடுத்த பிறகு, தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டு, சரிதானா என்று அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நினைக்கவே கூடாது. இன்றைக்கு அது நடக்காது. இன்றைக்கு அவர் உடம்புக்குள் ஒரு வருஷத்து மஞ்சள் இருக்கிறது, ஒரு வருஷத்து மிளகு இருக்கிறது, பாளையங்கோட்டை மார்க்கெட்டில் அவள் வாங்கின வல்லாரைக் கட்டுகளை அடுக்கினால் இந்த அறை கொள்ளாது.

எங்கே தொடங்கியது என்று யாராவது கேட்டால் அந்தத் தெருமுனையைத்தான் சொல்வாள். மின்வாரியத்தில் வேலை பார்த்த மனுஷன், எந்த டிரான்ஸ்பார்மரிலிருந்து எந்தத் தெருவுக்கு லைன் போகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார், ஊர் முழுக்க அவருக்குக் கம்பத்தை வைத்துத்தான் அடையாளம். பள்ளிக்கூடம் விட்டு ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தவள் தங்கள் தெரு முனையிலேயே அவர் கையில் கொத்தமல்லிக் கட்டோடு நிற்பதைப் பார்த்தாள். இந்தப் பக்கம் ஒரு பார்வை, அந்தப் பக்கம் ஒரு பார்வை. என்ன நிற்கிறீர்கள் என்று கேட்டதற்கு, கரண்ட் போயிருக்கு போல, அதான் எந்த பேஸ்னு பார்க்கிறேன் என்றார். அவளும் நம்பினாள். வீட்டுக்கு வந்து மின்விசிறி சுற்றுவதைப் பார்த்த பிறகும் கொஞ்ச நேரம் நம்பினாள். அப்புறம் அணைக்காமல் விட்ட கியாஸ் அடுப்பு, அப்புறம் ஒரே செய்தித்தாளை மூன்று தடவை படித்தது, அப்புறம் அந்த மத்தியானம், சரி, அது வேண்டாம் இப்போது, தோள், கம்பளி, மண்டபம், அரளி, ஊதா, ஐந்தும் இருக்கிறது, பத்திரமாக இருக்கிறது. டாக்டர் ஒரு வெள்ளைத் தாளை அவர் முன்னால் தள்ளி, ஒரு கடிகாரம் வரையுங்கள் சார், பதினொன்று பத்து காட்டட்டும் என்றார். ஆவுடையப்பன் பேனாவை வாங்கி மூடியைக் கழற்றி அதன் பின்புறத்தில் செருகினார். அந்தச் செருகல் அவளுக்குப் பிடித்திருந்தது. பழைய ஆவுடையப்பன் செருகுகிற மாதிரியே இருந்தது.

வட்டம் வந்தது. வட்டம் யாரும் போடலாம், போன வருஷமும் வட்டம் வந்தது, எண்கள்தான் எல்லாம் வலப்பக்கம் போய்க் குவிந்துகொண்டன, பஸ்ஸில் ஒரே பக்கம் கூட்டம் ஏறின மாதிரி. இந்தத் தடவை பன்னிரண்டை மேலே வைத்தார், ஆறைக் கீழே வைத்தார், மூன்றும் ஒன்பதும் எதிரும் புதிருமாக, அப்புறம்தான் மிச்சத்தை நிரப்பினார். அட, என்று அவள் தொண்டைக்குள் ஒரு சத்தம் எழுந்தது, விழுங்கிக்கொண்டாள். குர்குமின். அவள் மனசு அந்தப் பெயரை ஒரு பிள்ளையின் பெயரைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டது. மஞ்சளுக்கு அந்த மஞ்சளைக் கொடுக்கிற சங்கதி, சோப்பு பட்டால் சிவக்கிற சங்கதி, எத்தனை வருஷம் மஞ்சள் தாளைச் சோப்புத் தண்ணீரில் முக்கிச் சிவக்க வைத்துப் பிள்ளைகளை வாய் பிளக்க வைத்திருக்கிறாள், அதற்குள் இப்படி ஒரு வேலை ஒளிந்திருக்கும் என்று அப்போது யாருக்குத் தெரியும். நல்ல சரக்குதான், ஆனால் தண்ணீரில் கரையாது, குடலிலிருந்து ஏறுவதே கொஞ்சம், அதையும் ஈரல் பிடித்து வெளியே தள்ளிவிடும். அங்கேதான் மிளகு வருகிறது. மிளகில் இருக்கிற பைப்பரின் ஈரலுக்குப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே நிற்கும், அந்தச் சமயம் பார்த்துக் குர்குமின் உள்ளே நுழைந்துவிடும். இதை அவள் வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் சிரித்தார்கள், டீச்சர் கெமிஸ்ட்ரி நடத்துகிறார்களா திருட்டுக் கதை சொல்கிறார்களா என்று. படித்ததில் பாதி எலிகளை வைத்துச் செய்த சோதனை. வளைந்து வளைந்து போகிற பாதைக்குள் விட்ட எலிகள், மஞ்சள் தின்ற எலி சீக்கிரம் வழி கண்டுபிடித்ததாம். எலிக்கு வழி தெரிந்தால் இவருக்கும் தெரியாதா, இவரும் தெருமுனையில் வழி தெரியாமல் நின்ற ஆள்தானே என்று நினைத்தாள், நினைத்த மாத்திரத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அப்படித்தான் அடுப்படி பரிசோதனைச் சாலை ஆனது. மஞ்சளை நெய்யில் வதக்கினால் கரையும், நுணுக்கின மிளகைக் கடைசியில் போட வேண்டும், பட்டையில் எந்தப் பட்டை நல்ல பட்டை, கிராம்பு எத்தனை வைத்தால் நாக்கு மரத்துப் போகாமல் இருக்கும். புனேயிலிருந்து மகள் பகவதி சின்ன டப்பாவில் குங்குமப்பூ அனுப்பினாள், கூடவே போனில், அம்மா ரொம்ப நம்பிராதே, டாக்டர் சொன்ன ஊசியை விட்டுராதே என்றும் சொன்னாள். ஊசியை எங்கே விட்டாள். பி பன்னிரண்டு ஊசி போட்டாயிற்று, காது மெஷின் வாங்கி மாட்டியாயிற்று, காலையில் மைதானத்தைச் சுற்றி நடக்க வைத்தாயிற்று. அதெல்லாம் டாக்டருடைய கணக்கு. வல்லாரை இவளுடைய கணக்கு. தண்ணீரில் நின்ற வாசனையோடு வருகிற அந்த வட்ட வட்ட இலை, வெட்டாமல் முழுசாக வதக்கி, தேங்காயும் புளியும் மிளகும் வைத்து அரைத்தால் அம்மியை விட்டு வழிக்கும்போதே ஒரு பச்சை, அந்தப் பச்சையைப் பார்த்தாலே மூளை குளிர்ந்துவிடும் போலிருக்கும். ஆனால் கசப்பு. என்ன செய்தாலும் அடியில் ஒரு கசப்பு, அதற்கும் கீழே ஒரு துவர்ப்பு. அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். உருண்டை பிடித்து வைத்ததைச் சோற்றில் பிசைந்து, முகத்தைச் சுளிக்காமல் சாப்பிட்டு, தட்டை வழித்துவிட்டு எழுந்து போவார். அவருக்குப் பிடித்துப்போய்விட்டது என்று அவளுக்குச் சந்தோஷம்.

முள் போட்டார். சின்ன முள் பதினொன்றில், பெரிய முள், இங்கேதான் எல்லாரும் விழுவார்கள், பத்து என்ற எண்ணைப் பார்த்ததும் பத்தில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள், வைக்காதீர்கள், வைக்காதீர்கள், இரண்டு, இரண்டில், அவள் கால் விரல்கள் செருப்புக்குள் மடங்கின, பெரிய முள் இரண்டுக்குப் போனது. டாக்டர் ஒன்றும் சொல்லாமல் தாளை எடுத்து வைத்துக்கொண்டார். ஒன்றும் சொல்லாவிட்டால் என்ன, அவளுக்குத் தெரியாதா மார்க் போடுகிறவர்களின் முகம். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தில் ஒரு காக்கை உட்கார்ந்து கிளையை ஆட்டியது, அந்த ஆட்டம் கூடக் கைதட்டுகிற மாதிரி இருந்தது. வீட்டுக்குப் போனதும் பகவதிக்குப் போன் போட வேண்டும். ஸ்டாப் ரூமில் சொல்ல வேண்டும். இல்லை, சொன்னால் கண் பட்டுவிடும், அப்புறம் சொல்லலாம். ஒரு கட்டுரை மாதிரி எழுதலாமா, ரிட்டயர் ஆனபின் பிள்ளைகளுக்காக ஒரு சின்னப் புத்தகம், நம் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்குள் என்னென்ன மூலக்கூறுகள் என்று, அறுகோணம் அறுகோணமாகப் படம் போட்டு. கிராம்பின் யூஜெனால் ஒரு பக்கம், குங்குமப்பூவின் குரோசின் ஒரு பக்கம். சீரகத்துக்கு ஒரு படம் போட இடம் இருக்குமா. அட்டை மஞ்சள் நிறத்தில் இருக்கட்டும், ஓரத்தில் ஒரு வல்லாரை இலை.

நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வாருங்கள் சார். தொண்ணூற்று மூன்று. எண்பத்தாறு. அவர் குரல் நிதானமாக வந்தது. நிறுத்தினார். அந்த நிறுத்தத்துக்குள் அந்த மத்தியானம் நுழைந்துவிட்டது, கதவைத் தட்டாமல். ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குள் போகிறாள், அவர் கட்டிலிலிருந்து மரியாதையாக எழுந்து நிற்கிறார், வேட்டியைச் சரிசெய்துகொள்கிறார், உக்காருங்க, யாரைப் பார்க்க வந்திருக்கீங்க என்கிறார். அந்த ‘ங்க’. கல்யாணமான நாளிலிருந்து ஏட்டி வடிவு என்று கூப்பிட்ட வாயிலிருந்து வந்த அந்த மரியாதை. கோபமாக ஏதாவது சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். உங்களைத்தான் பார்க்க வந்தேன் என்றாள். தட்டை வைத்தாள், எதிரில் உட்கார்ந்தாள், விருந்தாளி மாதிரியே உட்கார்ந்தாள். மோர் ஊற்றுகிற நேரத்துக்குள் அவர் திரும்பி வந்துவிட்டார், வடிவு ஊறுகாய் எங்கே என்று கேட்டார். அவள் அடுப்படிக்குப் போய் ஊறுகாய் ஜாடியைத் திறந்து, அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றாள். யாரிடமும் சொல்லவில்லை, பகவதியிடம் சொல்லவில்லை, டாக்டரிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் நடக்காததாகிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ. எழுபத்தொன்பது என்றார் ஆவுடையப்பன். எழுபத்திரண்டு. அறுபத்தைந்து. மூச்சு வந்தது அவளுக்கு. போ, மத்தியானமே, வெளியே போ, உன்னை மிளகு போட்டு விரட்டியாயிற்று.

மகிழ்ச்சியில் மறுபடி ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டாள், புடவை மடிப்புக்குள் விரல் மடக்கி, யாருக்கும் தெரியாமல். தோள். மண்டபம். அரளி. ஊதா. நான்கு விரல் மடங்கிவிட்டது, கட்டைவிரல் நிற்கிறது. வேகமாகச் சொன்னதில் தப்பிவிட்டது. மறுபடி. தோள், அப்புறம், மண்டபம், அரளி, ஊதா. தோளுக்கும் மண்டபத்துக்கும் நடுவில் ஒன்று. நடுவில் இருக்கிறது, இடம் தெரிகிறது, பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுகிற மாதிரி இடம் தெரிகிறது, ஆள் இல்லை. இப்போதுதானே இருந்தது. கடிகாரம் வரைவதற்கு முன்னால் இருந்தது. க. ‘க’வில் தொடங்கும். அது நிச்சயம். கிராம்பு. சீ, கிராம்பு எங்கே வந்தது இதில். கசகசா. கருவாப்பட்டை. கடுகு, கருஞ்சீரகம், கறிவேப்பிலை, குங்குமப்பூ. ஒவ்வொரு டப்பாவாக மூடியைத் திறந்துகொண்டு முன்னால் வந்து நிற்கின்றன, என்னையா கூப்பிட்டாய் என்று, போங்கள் உள்ளே, உங்களைக் கூப்பிடவில்லை. கிராம்பு மட்டும் போகவில்லை. ஏன் கிராம்பு. அதில் ஏதோ இருக்கிறது. ம்பு. டாக்டர் அந்தச் சொல்லைச் சொல்லும்போது உதடு இரண்டும் ஒட்டிப் பிரிந்தது, அதை இவள் பார்த்தாள், அந்த ம்ப. உடம்புக்குச் சூடு கொடுக்கிற ஏதோ ஒன்று, கிராம்பும் சூடுதான். கரும்பு. கம்பு. கதம்பம். குழம்பு, ஐயோ குழம்பு இல்லை. ஆவுடையப்பனிடம் டாக்டர் மிருகங்களின் பெயர் கேட்டுக்கொண்டிருந்தார், அவர் யானை, சிங்கம், ஒட்டகம் என்று சொல்லிக்கொண்டே போனார், எவ்வளவு அழகாகச் சொல்கிறார், ஆனால் அந்த ஒட்டகமும் சிங்கமும் அவள் தேடுகிற பாதையில் குறுக்கே குறுக்கே நடந்தன.

எல்லாருக்கும் வருகிறதுதான். இரண்டு வேலை ஒரே நேரத்தில் பார்த்தால் இப்படித்தான், அவருடைய கடிகாரத்தையும் பார்த்து, கழித்தலையும் பார்த்து. போன மாதம் கரும்பலகையில் சோடியம் கார்பனேட் எழுதப்போய் வேறு எதையோ எழுதியதற்குக்கூட அதுதான் காரணம், முதல் பெஞ்சில் ஒரு பிள்ளை எழுந்து சொன்னாள், அந்தப் பிள்ளை, பெயர், அவள் அக்காவுக்கும் இவள்தான் நடத்தினாள், அக்கா பெயர் வருகிறது, தங்கை பெயர் வரவில்லை. ஸ்கூட்டர் சாவி பிரிட்ஜில் முட்டை வைக்கிற குழியில் இருந்தது, அவர்தான் வைத்தார் என்று நினைத்தாள், அவரைத்தான் கேட்டாள், அவரும் பாவம் நான்தான் வைத்திருப்பேன் என்று ஒத்துக்கொண்டார். அன்றைக்கு முட்டை எடுத்தது யார். அம்மா இதை நேற்றே சொல்லிட்டே, என்று பகவதி போனில் சிரித்தது எத்தனை தடவை. வேண்டாம், இப்போது இந்தப் பக்கம் போக வேண்டாம். க, ம்ப. கம்பி. வந்துவிட்டது. கம்பி. அவள் முதுகெலும்பில் ஒரு விளக்கு எரிந்தது. மின்வாரியத்துக்காரருக்குக் கம்பியை விட்டால் வேறு என்ன, இதைப் போய் எங்கெல்லாம் தேடினாள், தோள், கம்பி, மண்டபம், அரளி, ஊதா. தோளில் கம்பிச் சுருளைப் போட்டுக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைகிறார், வாசலில் அரளி, ஊதா நிறத்தில். எத்தனை பொருத்தம். அவர் எதை மறந்தாலும் இதை மறக்க மாட்டார்.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். சார், ஆரம்பத்தில் ஐந்து சொல் சொன்னேனே, அதை இப்போது சொல்லுங்கள், எந்த வரிசையில் வேண்டுமானாலும் சொல்லலாம். ஆவுடையப்பன் கண்ணை மூடிக்கொண்டார். ஊதா என்றார். அரளி. வடிவுக்குக் காதுக்குள் ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்டது. மண்டபம். மின்விசிறி சுற்றியது, வெளியே யாரோ டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள், அவர் கை தன் வலது தோளைத் தானாகத் தொட்டது, தோள் என்றார். நான்கு. போன வருஷம் ஒன்று, இன்றைக்கு நான்கு, இதுவே போதும், இதுவே திருவிழா, ஆனால் ஐந்தாவது, அவருடைய சொல், நாற்பது வருஷம் அவர் கையில் புழங்கின சொல், கம்பி, கம்பி, கம்பி, அவள் தன் மண்டையிலிருந்து அவர் மண்டைக்கு அதை முழுப் பலத்தோடு தள்ளினாள். ஆவுடையப்பன் கண்ணைத் திறந்தார்.

“கம்பளி” என்றார்.

ஐயோ. மயிரிழையில் போய்விட்டதே. இவ்வளவு கிட்ட வந்து, ஒரே ஓர் எழுத்தில். வாயைத் திறக்கக்கூடாது என்பதே மறந்து, இல்லைங்க, என்று அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பரவாயில்லை, நான்கு பெரிய மார்க், நான்கை வைத்து இன்னும் ஒரு வருஷம் பாடுபடலாம், வல்லாரையைக் கூட்டலாம். அதற்குள் டாக்டர் பியூலாவின் முகம் மலர்ந்தது.

“அஞ்சும் சரி சார். துப்பே கேட்கலையே நீங்க.”

முதலில் அவளுக்கு அந்த வாக்கியம் புரியவில்லை. அஞ்சும் சரி. கம்பளி. அப்போது அந்தச் சொல் பழைய இடத்திலிருந்து எழுந்து வந்தது, தோளுக்கும் மண்டபத்துக்கும் நடுவிலிருந்து, சாவகாசமாக, நான் இங்கேதானே இருந்தேன் என்பதுபோல. டாக்டரின் உதடு ஒட்டிப் பிரிந்தது, ம்ப, பிறகு நாக்கு மடங்கியது, ளி. கேட்டிருக்கிறாள். மூன்று நான்கு தடவை தனக்குத்தானே சொல்லியும் இருக்கிறாள். ஆவுடையப்பன் அவள் பக்கம் திரும்பினார், போன வருஷம் திரும்பின அதே மாதிரி, ஆனால் கேள்வியே இல்லாத முகம், ஜெயித்துவிட்டு வந்த முகம். அவளுக்குள் ஒரு பக்கம் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது, இன்னொரு பக்கம் யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டதுபோல் குளிர்ந்தது, இரண்டும் ஒரே உடம்பில். கண்ணில் நீர் வந்தது. எந்தப் பக்கத்திலிருந்து வந்த நீர் என்று அவளுக்கே தெரியவில்லை. டாக்டர் டிஷ்யூ தாளை நீட்டி, சந்தோஷமாக அழுங்கள் அம்மா, நீங்கள் பட்ட பாடு என்றார். சொல்லாமல் விட்டுவிடலாம். இன்றைக்கு அவருடைய நாள், கெடுக்க வேண்டாம். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம், மஞ்சளைக் கொஞ்சம் கூட்டிப் போடலாம். அந்த மத்தியானத்தையும் இப்படித்தான் ஊறுகாய் ஜாடிக்குள் போட்டு மூடினாள்.

“டாக்டர், நானும் மனசுக்குள்ள வச்சிருந்தேன். எனக்குக் கம்பின்னுதான் வந்துச்சு. இவர்தான் தப்பாச் சொல்லிட்டாருன்னு நினைச்சேன்.”

டாக்டர் சிரித்துத் தள்ளிவிடவில்லை, அது வடிவுக்கு ஆறுதலாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. உங்களுக்கு நான் டெஸ்ட் வைக்கவில்லையே, அவருக்காக நீங்கள் பதறிக்கொண்டிருந்தீர்கள், யாராக இருந்தாலும் ஒன்று தவறும், அதை வைத்து எதுவும் முடிவு பண்ண முடியாது என்றார். பிறகு, வேறு ஏதாவது இப்படி உண்டா என்று கேட்டார். வடிவு சொல்லத் தொடங்கினாள். பிரிட்ஜுக்குள் சாவி, கரும்பலகை, முதல் பெஞ்சுப் பிள்ளை. சொல்லச் சொல்ல, அவர் வைத்ததாக அவள் நினைத்த சாவியைப் பற்றிச் சொல்லும்போது, ஆவுடையப்பனின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். தூக்கம் எப்படி என்று டாக்டர் கேட்டார். அவர் எழுந்து வாசல் பக்கம் போகிறாரா என்று காது கொடுத்துக்கொண்டே படுப்பதைத் தூக்கம் என்றால் தூக்கம்தான் என்றாள். ரத்தம் கடைசியாக எப்போது பரிசோதித்தீர்கள் என்று கேட்டார். பகவதி வயிற்றில் இருந்தபோது என்று சொல்லவந்தவள், ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டு, அந்தச் சொல்லைக் கேட்டுத் தானே திடுக்கிட்டாள்.

“அவருக்கு இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்யுறீங்களே, அதெல்லாம் நீங்களும் சாப்பிடுறீங்களாம்மா?”

ஆமாம் என்று வாயைத் திறந்தாள். மூடினாள். வல்லாரைக் கட்டு ஒன்று, வதக்கினால் ஒரு கைப்பிடி, அது ஒரு ஆளுக்குத்தான் வரும். குங்குமப்பூ ஒரு தம்ளர் பாலுக்கு. வால்நட் அவர் டப்பாவில். நெய்யில் வதக்கின மஞ்சளும் மிளகும் அவர் சோற்றின்மேல் ஊற்றி, கரண்டியில் ஒட்டினதைக்கூட அவர் தட்டில் தட்டிவிட்டு, முதல் மணி அடிப்பதற்குள் ஓட வேண்டுமே என்று அடுப்பு மேடை ஓரமாக நின்றுகொண்டே பழைய சோற்றை ஊறுகாயோடு அவள் உள்ளே தள்ளுவாள். சில நாள் அதுவும் இல்லை, ஸ்டாப் ரூம் டீ மட்டும். மூலக்கூறு மூலக்கூறாக எல்லாவற்றையும் படித்தவள், குடலில் எது கரையும் ஈரல் எதைத் தள்ளும் என்று வகுப்பெடுத்தவள், தனக்கும் ஒரு ஈரலும் ஒரு தலையும் இருப்பது இத்தனை மாதத்தில் ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை. அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. இல்லை டாக்டர், நான் சமைக்கிறதோடு சரி என்றாள்.

டாக்டர் விளக்கினார். மஞ்சளும் மிளகும் கீரையும் நல்ல சாப்பாடு, தாராளமாகச் சாப்பிடலாம், ஆனால் சார் இன்றைக்கு இப்படிச் சொன்னதற்கு அதுதான் காரணம் என்று தன்னால் சொல்ல முடியாது, ஊசி உண்டு, காது கேட்கிறது, நடக்கிறார், வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் நீங்கள் அவரோடு பேசிக்கொண்டிருக்கிறீர்கள், இதில் எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துப் பார்க்க முடியாது, சாருக்கும் தொடர்ந்து பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். வடிவுக்குப் பழைய நாளாக இருந்தால் இந்த இடத்தில் வாதாடத் தோன்றியிருக்கும், பைப்பரினை இழுத்திருப்பாள். இன்றைக்குத் தலையாட்டினாள். அவளுக்கும் களைப்பாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், அவருக்குப் போட்ட அதே ஊசி இவளுக்கும் தேவைப்படலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம், பார்த்துவிட்டால் தெரிந்துவிடும் என்றார் டாக்டர். ரத்தம் கொடுத்துவிட்டு வந்தால் இன்றைக்கே ஒரு தடவை முறையாகக் கேட்டுவிடலாம், வேறு சொற்கள்.

கேட்டுக்கொண்டிருந்த ஆவுடையப்பன் காது மெஷினை விரலால் ஒருமுறை சரிசெய்துகொண்டார்.

“ஏட்டி வடிவு, நாளையிலேர்ந்து அந்தத் துவையலை ரெண்டு பங்கா வையி. ஒண்ணு எனக்கு, ஒண்ணு ஒனக்கு.”

“எனக்கு அந்தக் கசப்பு எறங்காதுங்க. ஒரு தடவை வாயில வச்சுப் பார்த்து, துப்பிட்டேன்.”

“எனக்கு மட்டும் எறங்குச்சா. சவம், தெனமும் தண்ணியக் குடிச்சுல்லா தள்ளுனேன். நான் வழிச்சுச் சாப்பிட்டா ஒன் மொகம் அப்படி இருக்கும், அதைப் பார்க்கத்தான்.”

டாக்டர் மேசையைப் பார்த்துக் குனிந்துகொண்டு சிரித்தார். வடிவு சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல், புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். ஒரு வருஷம். ஒரு வருஷம் முழுக்கத் தெரிந்தே தின்றிருக்கிறார், அவளை நினைவு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு உருண்டையையும். இதை எந்த எலியிடம் சோதித்துப் பார்ப்பது.

ரத்தம் கொடுத்துவிட்டு, முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டு அவள் திரும்பி வந்தபோது, டாக்டர் ஆவுடையப்பனை வெளியே உட்காரச் சொன்னார். அவர் எழுந்து, போகிற போக்கில் அவள் கைப்பையை வாங்கிக்கொண்டார். கதவு சாத்துகிற வரைக்கும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், வராந்தாவில் இடது பக்கம் திரும்ப வேண்டும், பெஞ்சு அங்கேதான் இருக்கிறது, திரும்பினார். அவர் எழுந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் சூடு இன்னும் அதில் இருந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது, பயம் ஒரு பக்கம் அடித்தது, ஆனால் அதைவிடப் பலமாக வேறொன்று அடித்தது, கேள்வித்தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு மணி அடிக்கக் காத்திருக்கும்போது அடிக்குமே, அது. இந்த நாற்காலியில் உட்கார்ந்தால் மார்க் போடுகிறவரின் முகம் தெரியவில்லை, ஜன்னல் வெளிச்சம்தான் கண்ணில் பட்டது. டாக்டர் புதுத் தாள் ஒன்றை எடுத்து, உங்கள் முழுப்பெயர் சொல்லுங்கள் அம்மா என்றார்.

“சங்கரவடிவு” என்றாள். நாற்காலியை மேசையோடு நெருக்கி இழுத்துப் போட்டுக்கொண்டாள். “ஆரம்பிங்க டாக்டர்.”